ப்ளூஸ் இன்று யார் கையில்? டெல்டாவின் விழாக்களும் மாலை வகுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைமேல் எனக்கிருக்கும் பைத்தியம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வரும். நூறு வருஷத்துக்கு முந்திய இந்தப் பாட்டை இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள்? அங்கே பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? விழா நடத்தினால் ஒரு இசை பிழைத்துவிடுமா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தையும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆர்கன்சா கரையையும் மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். சிகாகோ, டெக்சஸ் கதைகளைத் தொட்டால் பக்கம் தாங்காது.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டுதானே?

பாதி சரி. சோகத்தைப் பாடுவதுதான், ஆனால் அழுதுகொண்டே பாடுவதில்லை. குரலில் ஒரு நக்கல் இருக்கும். வடிவம் ரொம்ப எளிமையானது: மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு தடவை பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதிலைப் போட்டு உடைப்பார்கள். நானே கட்டிய ஒரு மாதிரி:

காலைல கதவத் திறந்தேன், கடன்காரன் வாசல்ல நின்னான்.
ஆமா, காலைல கதவத் திறந்தேன், கடன்காரன் வாசல்ல நின்னான்.
நாற்காலி போட்டு உக்கார வெச்சேன், என்னவிட அவனுக்குத்தான் களைப்பு.

ஒரே வரியை ஏன் இரண்டு தடவை பாட வேண்டும்? அந்த நேரத்தில்தான் பாடுகிறவர் மூன்றாவது வரியை யோசிக்கிறார். எழுதி வைத்துப் பாடாத ஒரு மரபுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. மூன்று வரிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு தாளக்கட்டு. ஒவ்வொன்றிலும் நாலு அடி. பின்னணியில் ஓடுவது மூன்றே மூன்று கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல் கம்பியை விரலால் இழுத்து வளைப்பார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வளைவு உடனே பிடிபடும்.

'டெல்டா' என்றால் ஆறு கடலில் கலக்கும் இடமா?

இல்லை, எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைப்பார்கள். மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பது லூசியானாவில். ப்ளூஸ்காரர்கள் டெல்டா என்று சொல்வது மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில், மெம்பிஸ் பக்கத்திலிருந்து விக்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 200 மைலுக்கு நீண்டு கிடக்கும் வண்டல் சமவெளியை. நல்ல வளமான, பருத்திக்கென்றே படைத்த மண். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அங்கே வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். நிலம் முதலாளியுடையது, விதையும் கோவேறு கழுதையும் அவர் கொடுத்த கடன். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் உழவன் பக்கம் பெரும்பாலும் பாக்கிதான் நிற்கும். அந்தக் கணக்கு நோட்டின் மறுபக்கம் ப்ளூஸ்.

ரெக்கார்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவே, அப்புறம் எதைக் காப்பாற்றுவது?

ரெக்கார்டில் ஒலி இருக்கிறது, கை இல்லை.

பென்டோனியா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் தெற்கு ஓரத்தில், ஐநூறு பேருக்குள் வசிக்கும் ஊர். ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸ் பிறந்தது அங்கேதான். 1931இல் அவர் பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டு உலகமெங்கும் கிட்டார்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கிட்டார் கம்பிகளை வழக்கம்போல் கட்டாமல் மைனர் சுருதிக்குத் திருகி வைக்கிற பழக்கம் அந்த ஊருக்கே உரியது. வெறும் கம்பியை மீட்டினாலே ஒரு இருட்டு கேட்கும். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போயிருந்த ஹென்றி ஸ்டக்கி என்ற ஊர்க்காரர், அங்கே சந்தித்த கரீபியச் சிப்பாய்களிடமிருந்து அதைக் கொண்டுவந்தார் என்பது ஊர்ப்பேச்சு. ஸ்டக்கியிடமிருந்து ஸ்கிப் ஜேம்ஸுக்கும், இன்னொரு கிளையாக ஜாக் ஓவன்ஸுக்கும் வந்தது. ஓவன்ஸ் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. எதிரில் உட்கார வைத்து வாசிப்பார். பார்க்கிறவன் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டவர் ஜிம்மி 'டக்' ஹோம்ஸ், 1947இல் பிறந்தவர்.

ஹோம்ஸின் அப்பா அம்மா 1948இல் தொடங்கிய 'ப்ளூ ஃப்ரன்ட் கஃபே' இன்னும் இருக்கிறது. சிமென்ட் கல் கட்டடம், எதிரே ரயில் பாதை. 1970 முதல் அதை ஹோம்ஸ் பார்த்துக்கொள்கிறார். தேடி வருகிற எந்த இளைஞனையும் எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்வார். ஓவன்ஸ் அவருக்குக் காட்டியது மாதிரியே இவரும் கையைக் காட்டுவார். 1972 முதல் அந்தச் சின்ன ஊரில் வருஷா வருஷம் ப்ளூஸ் விழா. விழாவுக்கு வந்தவர்களில் ஒருவன் மறுநாளும் தங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், என் கணக்கில் விழா வெற்றி.

டெல்டாப் பிள்ளைகளுக்கே இது ஏன் விட்டுப்போயிற்று?

ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. பெரிய காரணம் ஜனங்கள் ஊரைக் காலி செய்தது. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1943இல் டெல்டாவின் கிளார்க்ஸ்டேல் ஊரிலிருந்து சிகாகோவுக்கு ரயில் ஏறியது அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராகத்தான். அடுத்த வருஷம், 1944இல், அதே கிளார்க்ஸ்டேலுக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில், விதைப்பிலிருந்து அறுவடை வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்திப் போகம் எடுத்துக் காட்டினார்கள். ஒரு எந்திரம் ஐம்பது ஆள் வேலையைச் செய்யும் என்று கணக்குச் சொன்னார்கள். வேலைக்கு ஆள் வேண்டாம் என்றான பிறகு சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு ஆள் எங்கிருந்து வரும்?

இன்னொன்று வெட்கம். இதை வெளியூர் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. நமக்கு ப்ளூஸ் கலை. பருத்தி பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தாத்தாவின் குனிந்த முதுகு. கூடவே தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டைப் பாடுகிற வீட்டில் ப்ளூஸைச் 'சாத்தான் பாட்டு' என்று ஒதுக்கி வைத்த பாட்டிகள் ஏராளம். அப்புறம் சோல், ஹிப்ஹாப் எல்லாம் வந்தன. பிள்ளைகள் தங்கள் காலத்துப் பாட்டைக் கேட்டார்கள். அதில் என்ன தப்பு?

சமூக விழா என்று எதைச் சொல்கிறீர்கள்? முதலில் தொடங்கியவர்கள் யார்?

சுற்றுலாத் துறை தொடங்கியிருக்கும் என்று நினைப்போம். டெல்டாவின் கிரீன்வில் ஊரில் அப்படியில்லை. அங்கே தொடங்கியது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலிருந்து வந்தவர்கள். ஃபேனி லூ ஹேமர், யுனிட்டா பிளாக்வெல் போன்றவர்கள் சேர்ந்து 1967இல் அமைத்த 'மேஸ்' என்ற அமைப்பு, வாக்காளர் பதிவு, குடியிருப்பு, வேலை என்று கிராமம் கிராமமாக உழைத்தது. (பிளாக்வெல் 1976இல் மேயர்ஸ்வில் ஊரின் மேயரானார். மிசிசிப்பியில் மேயரான முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.) அந்த அமைப்புதான் 1978இல் கிரீன்வில் அருகே ஃப்ரீடம் வில்லேஜ் என்ற குடியிருப்பில் 'டெல்டா ப்ளூஸ் விழா'வை முதல் தடவையாக நடத்தியது. மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. லாரியின் பின்னால் மாட்டும் தட்டையான டிரெய்லர்தான் மேடை.

ஓட்டுரிமை கேட்டவர்கள் எதற்குப் பாட்டு விழா நடத்த வேண்டும்? மேலே சொன்ன வெட்கத்துக்கு மருந்து அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உன் தாத்தா பாடியது குப்பை இல்லை என்று ஊர் கூடிச் சொல்வதும் உரிமைப் போராட்டத்தில் சேர்த்தி. அந்த விழா இன்றும் நடக்கிறது.

ஹெலினா விழாவுக்கு ஏன் கடை மாவின் பெயர்?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்கன்சாவின் ஹெலினா ஊரில், 1941 நவம்பரில் கேஎஃப்எஃப்ஏ என்ற வானொலி நிலையம் மத்தியான நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகாவும் ராபர்ட் லாக்வுட் கிட்டாரும் நேரலையில் வாசிப்பார்கள்; நடுநடுவே 'கிங் பிஸ்கட்' மாவுக்கு விளம்பரம். பண்ணையில் சாப்பாட்டு மணி அடிக்கும் வேளை பார்த்து 12:15க்கு வைத்தார்கள். வேலையாள் கையில் ரொட்டி, காதில் ப்ளூஸ். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டு வளர்ந்தவர்களில், பின்னாளில் பெரிய ப்ளூஸ் கலைஞரான பி.பி. கிங்கும் ஒருவர்.

ஊர் மெயின் ரோடு கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1986இல், அந்தப் பெயரிலேயே விழா தொடங்கினார்கள். வெள்ளம் தடுக்கக் கட்டிய ஆற்றங்கரை அணையின் புல் சரிவில் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார, கீழே மேடை. செலவில்லாத காலரி. நடுவில் பெயர் உரிமைச் சிக்கல் வந்து 2005 முதல் 2010 வரை வேறு பெயரில் நடந்தது. பிறகு பழைய பெயரே திரும்பி வந்தது. வானொலி நிகழ்ச்சியும் நிற்கவில்லை. 1951இல் அறிவிப்பாளராகப் பொறுப்பேற்ற சன்னி பெய்ன் 2018இல் இறக்கும் வரை அதை நடத்தினார். நிகழ்ச்சிகள் 18,000ஐத் தாண்டியாயிற்று. இப்போது ஊரின் டெல்டா பண்பாட்டு மையத்திலிருந்து ஒலிபரப்பாகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வந்து நின்று பார்க்கலாம்.

கிளார்க்ஸ்டேல் வகுப்பு, கிளார்க்ஸ்டேல் வகுப்பு என்கிறார்களே, அது என்ன?

சுமார் 15,000 பேர் வசிக்கும் ஊர் கிளார்க்ஸ்டேல். அங்கே 1979இல் நூலகர் சிட் கிரேவ்ஸ் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். இருபது வருஷம் கழித்து அது பழைய ரயில்வே சரக்குக் கிடங்குக்கு மாறியது. மட்டி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக் குடிலின் சுவர்களைப் பண்ணையிலிருந்து பெயர்த்து வந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடிக்க வருகிறார்கள்.

எனக்கு முக்கியம் குடில் இல்லை. 1992 முதல் அங்கே பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்புதான். கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், கீபோர்டு, ஹார்மோனிகா, பாட்டு. கொஞ்சம் தேறியவர்கள் மாணவர் குழுவில் சேர்ந்து ஊர் விழாக்களில் மேடையேறுவார்கள். 2014இல் நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த 12 திட்டங்களில் ஒன்றாக இதற்கு இளைஞர் கலைத் திட்டங்களுக்கான தேசிய விருது கிடைத்தது. வெள்ளை மாளிகையில் மிஷெல் ஒபாமா கையால் விருது. அங்கேயே பிள்ளைகளின் வாசிப்பும்.

அந்த ஊரில் இதற்கு முன்னாலும் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

ஜானி பில்லிங்டன். ஊரே 'மிஸ்டர் ஜானி' என்று கூப்பிட்டது. சிகாகோவுக்குப் போய் இருந்துவிட்டு எழுபதுகளில் திரும்பி வந்தவர், கார் மெக்கானிக். ஷெட்டுக்கு வருகிற பையன்களுக்குக் காரும் கற்றுக்கொடுத்தார், ப்ளூஸும் கற்றுக்கொடுத்தார். நேரத்துக்கு வர வேண்டும், ஒழுங்காக உடுத்தியிருக்க வேண்டும், பள்ளிக்கூடம் தவறக் கூடாது. இதில் கறார். 2013இல் இறந்தார். இன்றைக்கு டெல்டாவில் மேடையேறும் பல பேருடைய முதல் வாத்தியார் அவர். ரெக்கார்டுக் கடையில் அவர் பெயரைத் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. அவர் விட்டுப்போனது ஆட்கள்.

இப்படிப்பட்ட வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

நான் கிட்டார் கற்கப் போன இடத்தில் எட்டு மாசம் ஸ்கேல் மட்டுமே. பாட்டு கண்ணிலேயே காட்டவில்லை. கட்டணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாது. டெல்டா முறை இதற்கு நேர் எதிர். முதல் நாளே பாட்டுக்குள் தள்ளிவிடுவார்கள்.

பேஸ் கிட்டாரை ஒரு பெண்பிள்ளை கையில் கொடுத்து மூன்று இடத்தை மட்டும் காட்டினால் போதும்: இங்கே நாலு கட்டு, அங்கே ரெண்டு, திரும்பி வா. அவள் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்க, ட்ரம்ஸில் ஒரு பையன் நொண்டி நடை மாதிரி இழுத்து இழுத்து ஒரு ஷஃபிள் போடுவான். அவ்வளவுதான், ப்ளூஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. தேறினவன் அதன் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கலாம். புதிதாக வந்தவளும் கீழே விழ மாட்டாள். பத்து வயசும் எழுபது வயசும் ஒரே மேடையில் சங்கடமில்லாமல் வாசிக்க முடிவது இதனால்தான்.

கஷ்டமான இடம் கடைசி இரண்டு கட்டு. சுற்று முடிந்து மறுபடி முதலுக்கு வருகிற அந்த வளைவை 'டர்ன்அரவுண்ட்' என்பார்கள். புதுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். வாத்தியார் எண்ணிக் காட்ட மாட்டார். தலையை லேசாக உயர்த்துவார், புருவத்தைத் தூக்குவார், பாட்டு திரும்பும். நாலைந்து வாரத்தில் பிள்ளைகள் கம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்குவார்கள். யூடியூபில் கற்றவனுக்கு வராதது இதுதான். அவன் விரல் என்னைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடும், நிமிர்ந்து மட்டும் பார்க்க மாட்டான்.

இதிலிருந்து பெரிய ஆள் யாராவது வந்திருக்கிறார்களா?

கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம். 1999இல் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். தேவாலயத்தில் காஸ்பல் பாடிய குடும்பம். எட்டு வயது வாக்கில் அருங்காட்சியக வகுப்பில் சேர்ந்தார். முதலில் ட்ரம்ஸ், பிறகு பேஸ், கடைசியில்தான் கிட்டார். அந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றும். அவர் கிட்டார் எவ்வளவு தூரம் ஓடினாலும் தாளம் நழுவாததற்கு அதுவே காரணம். 'கிங்ஃபிஷ்' என்ற பெயரே வகுப்பில் வாத்தியார் பில் பெர்ரி வைத்தது. 2014இல் வெள்ளை மாளிகையில் வாசித்த பிள்ளைகளில் இவரும் இருந்தார். 2021இல் வந்த ஆல்பத்துக்கு, வடக்கு மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீடான 662 என்பதையே பெயராக வைத்தார். அடுத்த வருஷம் அதற்கு கிராமி கிடைத்தது.

ஆனால் கிங்ஃபிஷைக் காட்டி மட்டும் வகுப்பை நியாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. நூறு பேரில் ஒருவர் கிராமி வாங்குவார். மீதிப் பேரில் ஒருவன் தேவாலயத்தில் பேஸ் வாசிப்பான், ஒருத்தி செவிலியராகி வெள்ளிக்கிழமை ராத்திரி பாடுவாள், இன்னொருவன் வாசிப்பதையே விட்டுவிட்டு நல்ல ரசிகனாக முன்வரிசையில் உட்காருவான். அவர்கள் இல்லாமல் ஒரு ஊருக்கு இசை இல்லை.

குடும்பத்துக்குள்ளேயே கைமாறுவது இன்னும் உண்டா?

உண்டு. இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் டெல்டாவுக்குள்கூட இல்லை. கிழக்கே மேட்டு நிலத்தில், செனடோபியா பக்கம் கிராவல் ஸ்பிரிங்ஸில் இருக்கிறது. ஓதா டர்னர் என்ற விவசாயி. ப்ளூஸுக்கும் மூத்த 'ஃபைஃப் அண்ட் ட்ரம்' என்ற குழல்-முரசு இசையை அங்கே அவர் வைத்திருந்தார். குழலைக் கடையில் வாங்குவதில்லை. ஆற்றோரம் விளையும் நாணலை வெட்டிக் காயவைத்து, இரும்புக் கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, துளை துளையாகச் சுட்டு எடுப்பார். நாணல் புகைய, ஒவ்வொரு துளை விழுந்ததும் ஊதிப் பார்ப்பார். அளவுகோல் அவர் விரல்தான். வருஷா வருஷம் கோடை முடிவில் தன் பண்ணையிலேயே ஆடு அடித்துச் சமைத்து ஊருக்கு விருந்து வைப்பார். முரசுகள் முழங்க, குழல் முன்னால் போக, ஜனங்கள் புழுதி கிளப்பி ஆடிக்கொண்டே பின்னால் போவார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாட்டோடு ஆரம்பித்த அந்தக் கூட்டத்துக்குக் காலப்போக்கில் உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பேத்தி ஷார்டே தாமஸ் சின்ன வயசிலேயே தாத்தாவின் குழலை எடுத்து ஊதக் கற்றவர். 2003 பிப்ரவரியில் தாத்தா இறந்தார். அதே நாளில் அவருடைய மகள் பெர்னிஸும் இறந்தார். இருவருக்கும் ஒன்றாகவே இறுதிச் சடங்கு. கல்லறைக்குப் போன ஊர்வலத்தின் முன்னால் முரசுக் குழு நடந்தது. அதற்கும் முன்னால், குழல் ஊதிக்கொண்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயசு ஷார்டே. அந்தக் குழுவையும் ஆட்டு விருந்தையும் பிறகு அவரே நடத்தத் தொடங்கினார்.

பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருவதில்லையா?

'ப்ளூஸ் இன் த ஸ்கூல்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவின் பல ஊர்களில் நடக்கிறது. ஊர் ப்ளூஸ் சங்கம் ஒரு கலைஞரைப் பள்ளிக்கு அழைத்துப்போகும். அவர் வாசித்துக் காட்டி, பிள்ளைகளைத் தங்கள் சொந்தக் கவலையை மூன்று வரியில் எழுதச் சொல்வார். வீட்டுப்பாடத்தைத் திட்டி வரும் பாட்டுகள்தான் எப்போதும் அதிகம். நல்ல தொடக்கம், ஆனால் ஒரு நாள் கூத்து. அந்தக் கலைஞர் அடுத்த வாரமும் வந்தால்தான் பலன்.

1980இல் மெம்பிஸில் உருவான ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு சர்வதேசப் போட்டி நடத்துகிறது. ஊர்ச் சங்கங்கள் உள்ளூரில் போட்டி வைத்து ஆள் அனுப்பும். அந்த நாட்களில் மெம்பிஸின் பீல் தெருவில் இளைஞர்களுக்கென்று தனி மேடையும் உண்டு. பதினாறு வயசுப் பிள்ளைக்குத் தன்னைப் போல இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதே பெரிய விஷயம். அதே அமைப்பு, வயதான கலைஞர்களின் மருத்துவச் செலவுக்கும் ஒரு நிதி வைத்திருக்கிறது. வாத்தியார் உயிரோடும் பல்லோடும் இருந்தால்தானே ஹார்மோனிகா வகுப்பு!

விழாக்களில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள்தான் அதிகம் என்கிறார்களே?

பல விழாக்களில் அப்படித்தான். மேடையில் கறுப்பின முதியவர், கீழே மடக்கு நாற்காலியில் ஐரோப்பாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த நரைத்த தலைகள். உள்ளூர்ப் பிள்ளை வேலிக்கு வெளியே. இது அங்கே இருக்கிறவர்களே பேசும் குறைதான், நான் கண்டுபிடித்ததில்லை. சுற்றுலாக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அறுபதுகளில் இந்த முதியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மேடையேற்றியதில் வெளியூர் ரசிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹோட்டல் அறை நிரம்புவதும் ஊருக்கு வருமானம். ஆனால் அந்த வருமானம் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. டெல்டா இன்னும் அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று.

ஒரு விழாவை எடைபோட நான் பார்ப்பது இரண்டே விஷயம். உள்ளூர்க்காரர் உள்ளே போகக் காசு கேட்கிறார்களா? கிளார்க்ஸ்டேலில் 1988 முதல் ஆகஸ்டில் நடக்கும் சன்ஃபிளவர் ரிவர் விழாவைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள், அனுமதி இலவசம். இரண்டாவது, மாணவர் குழுவுக்கு எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? காலை பத்து மணி வெறும் மைதானத்துக்கா, சாயங்காலம் கூட்டம் சேர்ந்த பிறகா?

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

மானியம், நன்கொடை, டி-சட்டை விற்பனை. சில சமயம் வேடிக்கையான வழிகளிலும் வரும். இஸட்இஸட் டாப் என்ற ராக் குழுவின் பில்லி கிப்பன்ஸ், எண்பதுகளின் கடைசியில் மட்டி வாட்டர்ஸ் குடிலிலிருந்து கழன்று கிடந்த ஒரு கட்டையை எடுத்து அதில் கிட்டார் செய்து, அதை ஊர் ஊராகக் காட்டி அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டினார். பைன்டாப் பெர்கின்ஸ் கதையும் சொல்ல வேண்டும். ஹாப்சன் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய பியானோக்காரர், 2011இல் 97 வயதில் கிராமி வாங்கிய சில வாரங்களில் இறந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை, இளம் கலைஞர்களுக்குப் பெரிய வித்வான்களை வைத்துப் பயிற்சி முகாம் நடத்துகிறது. எங்கே? அதே ஹாப்சனில். ஆட்களை வேண்டாம் என்று அனுப்பிய எந்திரம் ஓடிய இடத்தில், ஆட்களைச் சேர்க்கும் வகுப்பு.

என் பிள்ளைக்கு ப்ளூஸ் காட்ட கிட்டார் வாங்க வேண்டுமா?

வேண்டாம். டெல்டாவில் பல பேருக்கு முதல் வாத்தியம் சுவர்தான். துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை உருவி எடுத்து, இரண்டு ஆணிக்கு நடுவில் விறைப்பாகக் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலோ கல்லோ செருகினால் கம்பி தூக்கி நின்று கணீரென்று பேசும். ஒரு கையால் மீட்டி, மறு கையில் சின்னக் கண்ணாடிப் பாட்டிலைக் கம்பிமேல் வழுக்கினால் போதும். 'டிட்லி போ' என்று பெயர். சுவரில் அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் ஒரு மரப்பலகையில் கட்டலாம், இரண்டு அடி நீளம் தாராளம். கம்பி அறுந்து தெறிக்கும், அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள். கூட நீங்களும் உட்காருங்கள். கிட்டார் கழுத்தில் இருப்பது போலக் கட்டங்கள் கிடையாது, அதனால் ஸ்வரத்தைக் காதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பிள்ளை ஏதாவது ஒரு வளைவைக் கண்டுபிடித்து, அதையே உங்கள் உயிர் போகிற வரை வாசிக்கும்.

இந்தியாவில் கேட்க வழி உண்டா?

உண்டு. மும்பையில் 2011 முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழா என்று ஒன்று நடத்தத் தொடங்கினார்கள். முதல் வருஷமே அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) வந்து வாசித்தார். ஷில்லாங்கின் 'சோல்மேட்' குழு மெம்பிஸ் போட்டி வரைக்கும் போய் வந்தது. பிள்ளைகளுக்கான தொடர் வகுப்பு என்று கேட்டால், டெல்டா மாதிரி இங்கே நான் பார்த்ததில்லை.

டெல்டாவுக்கே போனால் எப்போது போவது?

ஏப்ரலில் கிளார்க்ஸ்டேலின் ஜூக் ஜாயின்ட் விழா (ஜூக் ஜாயின்ட் என்றால் ப்ளூஸ் ஒலிக்கும் சின்ன ஆட்டக் கூடம்). 2004இல் தொடங்கியது, தெருவெல்லாம் பாட்டு, நடுவில் பன்றிப் பந்தயம். ஜூனில் பென்டோனியா. ஆகஸ்டில் சன்ஃபிளவர், ஆனால் வெயிலும் புழுக்கமும் சென்னையையே மறக்கடிக்கும். அக்டோபரில் ஹெலினா. எதற்குப் போனாலும் விழா முடிந்த மறுநாளே கிளம்பிவிடாமல், பள்ளி நடக்கிற ஒரு வாரநாள் சாயங்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதி, வகுப்பு எந்த நாளில், ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்று விசாரித்துவிடுங்கள். மெம்பிஸ் விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான்.